நம்மூர்க்காரன் ஆடும் அணி

இலக்கியம் பேசுகிற இடத்தில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதத் தொடங்கும்போது ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. விளையாட்டைப் பின்தொடர்வது வாசிப்புக்கு எதிரான செயல் என்பதுபோல ஓர் எண்ணம் நம் சூழலில் உண்டு. அதிலும் ஐ.பி.எல். என்றால் கேட்கவே வேண்டாம். மனிதர்களை ஏலம் போடுகிறார்கள், ஓவருக்கு ஓவர் விளம்பரம், ஊர்ப்பெயரை ஒட்டிக்கொண்ட நிறுவனங்கள் என்று நண்பர்கள் அடுக்குவார்கள். இவற்றில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனாலும் 2020 அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் வாரத்திலும் சேலத்துக்கு மேற்கே எங்கள் பக்கத்து ஊர்கள் ஓர் அணியைப் பின்தொடர்ந்த விதத்தை நினைக்கும்போது, அந்தக் கண்டனங்களுக்குள் அடங்காத ஏதோ ஒன்று அதில் இருந்ததாகவே தோன்றுகிறது. அது என்னவென்று யோசித்துப் பார்க்கும் முயற்சி இது.

அந்த அணி சென்னை அல்ல. சென்னை சூப்பர் கிங்ஸ் தன் வரலாற்றிலேயே முதல்முறையாக பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது அந்த ஆண்டில்தான். எங்கள் பக்கத்து ஆட்கள் விழித்திருந்து பார்த்தது சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியை. ஹைதராபாதுக்கும் தாரமங்கலம், எடப்பாடி வட்டாரத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஒரே காரணம், சின்னப்பம்பட்டி நடராஜன் அந்த அணியில் பந்து வீசிக்கொண்டிருந்தார்.

நடராஜனின் கதை இன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். தந்தை தறித்தொழிலாளி, தாய் சாலையோரக் கடை நடத்தியவர். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர். 2015 தொடக்கத்தில் ரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடிய கையோடு பந்துவீச்சு முறை குறித்துப் புகார் எழ, கையசைவையே மாற்றி மறுபடியும் கற்றுக்கொண்டவர். 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு வாங்கியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் ஓர் ஆட்டத்தில்கூட அவரை இறக்கவில்லை. இரண்டு பருவங்கள் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்த ஒருவர்தான் 2020-ல் கடைசி ஓவர்களில் தொடர்ந்து யார்க்கர் வீசி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார்.

அக்டோபர் 24 இரவு ஹைதராபாத் அணியின் கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். பஞ்சாபுக்கு எதிராக 127 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி. 114-க்குள் எல்லோரும் ஆட்டமிழந்தார்கள். 11 ஆட்டங்களில் 4 வெற்றி, 7 தோல்வி. எட்டு அணிகளில் முதல் நான்கு மட்டுமே அடுத்த சுற்றுக்குப் போகும். மிச்சமிருந்தவை மூன்று ஆட்டங்கள். அவை மூன்றும் அப்போது பட்டியலின் முதல் மூன்று இடங்களில் இருந்த டெல்லி, பெங்களூர், மும்பை அணிகளோடு. மூன்றிலும் வென்றாக வேண்டும். வென்றாலும் போதாது, மற்றவர்களின் முடிவுகளும் தோதாக அமைய வேண்டும்.

அடுத்த பத்து நாட்கள் எங்கள் தேநீர்க்கடையில் நடந்ததை ஒரு கணித வகுப்பு என்றே சொல்லலாம். தறிக்கூடத்துக்கு இரவு வேலைக்குப் போகிறவர்கள் நின்று டீ குடிக்கிற கடை அது. நெட் ரன்ரேட் என்ற சொல் அங்கே அன்றாடப் பேச்சானது. எடுத்த ஓட்டங்களை ஆடிய ஓவர்களால் வகுக்க வேண்டும். கொடுத்த ஓட்டங்களை வீசிய ஓவர்களால் வகுத்து, முன்னதிலிருந்து கழிக்க வேண்டும். பத்து விக்கெட்டும் விழுந்துவிட்டால், எத்தனை ஓவர் ஆடியிருந்தாலும் இருபது ஓவர் ஆடியதாகவே கணக்கு. பாவு நீளத்துக்கும் சேலை எண்ணிக்கைக்கும் கூலிக் கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய வித்தையாக இல்லை. தறி ஓட்டுகிற இளைஞன் ஒருவன் கூலி எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டு அணிகளின் பட்டியலையும் எழுதி வைத்திருந்தான். அவனும் இடக்கைப் பந்துவீச்சாளன். ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்கு வண்டி ஏறிப் போகிறவன்.

அக்டோபர் 27 அன்று டெல்லிக்கு எதிராக ஹைதராபாத் 219 ஓட்டங்கள் எடுத்து 88 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. ரஷீத் கான் நான்கு ஓவர்களில் 7 ஓட்டம் மட்டுமே கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தது அன்றுதான். அக்டோபர் 31 அன்று ஷார்ஜாவில் பெங்களூரை 120-ல் நிறுத்தி, 14.1 ஓவரிலேயே ஆட்டத்தை முடித்தார்கள். மிச்சமிருந்தது மும்பை. நவம்பர் 3, லீக் சுற்றின் கடைசி ஆட்டம். ஹைதராபாத் வென்றால் உள்ளே. தோற்றால் 14 புள்ளிகளோடு காத்திருந்த கொல்கத்தா உள்ளே. “ஏனுங்ணா, மும்பைக்காரன் பும்ராவ எறக்கலைன்னா நமக்கு நல்லதுதானுங்க?” என்று அந்த இளைஞன் கேட்டான். ஏற்கெனவே முதலிடத்தை உறுதி செய்துவிட்ட மும்பை, பும்ராவுக்கும் போல்ட்டுக்கும் ஓய்வு கொடுத்திருந்தது. ஹைதராபாத் 150 என்ற இலக்கை ஒரு விக்கெட்டும் இழக்காமல் எட்டியது. அன்றிரவு கொல்கத்தா ரசிகர்கள் மும்பைக்காக வேண்டிக்கொண்டிருப்பார்கள். மும்பை ஓய்வு கொடுத்ததால் நாம் பிழைத்தோமா என்ற கேள்வியை எங்கள் கடையில் யாரும் எழுப்பவில்லை. நானும் எழுப்பவில்லை.

ஹைதராபாத், பெங்களூர், கொல்கத்தா மூன்றுக்கும் 14 புள்ளிகள். ரன்ரேட் கணக்கில் ஹைதராபாத் மூன்றாமிடம் பிடித்தது. நவம்பர் 6 அன்று அபுதாபியில் எலிமினேட்டர். அரைச்சதம் கடந்து நின்ற டி வில்லியர்ஸின் ஸ்டம்ப்பை நடராஜனின் யார்க்கர் பெயர்த்தது. டி வில்லியர்ஸைப் போன்ற ஒருவர், கிரீசுக்குள் நின்றபடி, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் திரும்பிப் பார்த்தார். கடையில் ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகுதான் கத்தினார்கள். இரண்டு நாள் கழித்து டெல்லியிடம் 17 ஓட்டங்களில் தோற்று ஹைதராபாத் வெளியேறியது. இறுதி ஆட்டத்தை எங்கள் கடையில் பாதிப் பேர் பார்க்கவில்லை.

இனி என் கேள்விக்கு வருகிறேன். நாங்கள் பின்தொடர்ந்தது எதை?

அந்தத் தொடர் பெருந்தொற்றின் காரணமாக ஐக்கிய அரபு அமீரகத்தில், காலி இருக்கைகளுக்கு நடுவே நடந்தது. ஹைதராபாத்வாசியும் தொலைக்காட்சியில்தான் பார்த்தான், சின்னப்பம்பட்டிக்காரனும் தொலைக்காட்சியில்தான் பார்த்தான். மைதானமும் ஊரும் விலகிப்போன பிறகு, அணியின் பெயரில் இருக்கும் ஊருக்கு என்ன பொருள்? இந்தக் கேள்வி எங்களுக்கு உள்ளூரிலும் உண்டு. டி.என்.பி.எல். தொடரின் முதல் கோப்பையை 2016-ல் தூத்துக்குடியின் பெயரில் வென்ற அணிதான் 2021-ல் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆயிற்று. ஒரு நாள் தூத்துக்குடிக்காரர்கள் கைதட்டிய அணி, மறுநாள் நம்முடையது என்று சொல்லப்படுகிறது. வாழப்பாடியில் நல்ல மைதானம் இருக்கிறது, ஆட்டங்களும் நடந்திருக்கின்றன. இருந்தும் சேலம் என்ற பெயருக்காக மட்டும் யாரும் ரன்ரேட் கணக்குப் போட்டு நான் பார்த்ததில்லை.

டொராண்டோவில் வாழும் என் பள்ளித்தோழனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். பனி ஹாக்கியில் மேப்பிள் லீஃப்ஸ் அணி கடைசியாகக் கோப்பை வென்றது 1967-ல். அந்த அணியைத்தான் அவன் பின்தொடர்கிறான். எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவம். மார்ச் மாதம் வந்துவிட்டால் யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்குத் தொடங்கிவிடும். 2019 ஜனவரி தொடக்கத்தில் பட்டியலின் அடியில் கிடந்த செயின்ட் லூயிஸ் அணி அந்த ஜூனில் கோப்பையையே வென்றது என்று அவன் சொன்னான். அதனால் மார்ச்சில் யாரும் தொலைக்காட்சியை அணைப்பதில்லையாம். குடிபெயர்ந்தவனுக்கு அந்த அணி ஒரு நகரத்தைக் கொடுத்திருக்கிறது. அவனுக்கு ஊர் கிடைத்தது அணி வழியாக. எங்களுக்கோ ஓர் அணி கிடைத்தது ஊர் வழியாக. இரண்டிலும் பொதுவாக இருப்பது, தன் கையில் எதுவும் இல்லாத நிலையில் ஒருவருக்காகக் காத்திருப்பது.

வணிக நிறுவனம் ஒன்றுக்காக இத்தனை உணர்ச்சியைச் செலவழிக்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான்: நிறுவனத்துக்காகச் செலவழிக்க வேண்டாம். ஆனால் மக்கள் அதற்காகத்தான் செலவழிக்கிறார்கள் என்று எண்ணி அவர்களை ஏளனம் செய்யவும் வேண்டாம். அந்த இளைஞன் ஹைதராபாத் அணியின் சட்டை வாங்கவில்லை. தன்னைப் போலத் தறிச்சத்தத்தில் வளர்ந்த ஒருவன் கடைசி ஓவரில் பந்தைக் கையில் வாங்கும்போது என்ன செய்வான் என்று பார்க்கவே உட்கார்ந்திருந்தான். எங்கள் பக்கம் வெளியூர் போய்ப் பிழைப்பவர்கள் அதிகம். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடமாநிலங்களுக்குப் போகிறவர்கள், நாமக்கல் லாரியில் மாதக்கணக்கில் ஓடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்கள் யாரிடம் வேலை பார்க்கிறார்கள் என்பது வீட்டுக்கு முக்கியமல்ல. ஆள் நலமா, வேலை நடக்கிறதா என்பதுதான் கேள்வி. நடராஜனையும் ஊர் அப்படித்தான் பார்த்தது. அந்த நாட்களில்தான் அவருக்கு மகள் பிறந்தாள். அங்கிருந்தே வலைப்பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போய், ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமாகி, 2021 ஜனவரியில் ஊர் திரும்பியபோது குதிரை பூட்டிய சாரட் வண்டியில் வைத்து அழைத்துப் போனார்கள்.

ஆனால் இந்தப் பற்றிலும் ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. கடைசிக்கட்டப் போராட்டம் என்பது பார்க்க எளிதானது. அதற்கென்றே ஒரு வேகம் உண்டு. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விலை உண்டு. 2021-ல் முழங்கால் காயம், அறுவைச் சிகிச்சை, பிறகு கொரோனா என்று அவர் ஒதுங்கியிருந்தபோது, ஹைதராபாத் கடைசி இடத்துக்குப் போனபோது, எங்கள் கடையில் பட்டியல் எழுதுவாரில்லை. 2022-ல் தொடர்ந்து ஐந்து வெற்றி, தொடர்ந்து ஐந்து தோல்வி. ஐந்து வெற்றி வரைக்கும்தான் கூட்டம் இருந்தது. 2024-ல் 19 விக்கெட் எடுத்து அணி இறுதி ஆட்டத்துக்குப் போனபோது மறுபடியும் எல்லோரும் வந்தார்கள். சேப்பாக்கத்தில் கொல்கத்தாவிடம் 113-க்குச் சுருண்டதும் கலைந்தார்கள். டெல்லி அவரை 10.75 கோடிக்கு வாங்கிய பிறகு வந்த 2025 பருவத்தில், பெரும்பாலான ஆட்டங்களில் அவர் வெளியேதான் அமர்ந்திருந்தார். முதல் நான்கு ஆட்டங்களையும் வென்று தொடங்கிய டெல்லி கடைசியில் பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்தது. அந்தக் கடைசி வாரங்களில் கணக்குப் போட எங்கள் கடையில் ஆளில்லை. அந்தக் கூட்டத்தில் வராமல் போனவர்களில் நானும் ஒருவன்.

மனிதனைத்தான் பின்தொடர்கிறோம், அணியை அல்ல என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அப்போது நமக்கு இருந்ததா? ஆடுகிறபோது மட்டும் ஒருவன் நம்மூர்க்காரன் என்றால், நாமும் ஏலத்தில் கை தூக்குகிறவர்கள் போலத்தான். 2018-லும் 2019-லும் பந்து கையில் வராமல் அவர் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு ஆண்டுகள் இல்லாமல் டி வில்லியர்ஸுக்கு வீசிய அந்தப் பந்து இல்லை. பார்வையாளனுக்கும் அப்படி உட்கார்ந்திருக்கிற ஆண்டுகள் உண்டு. அவற்றைத் தாண்டி வருகிறவனுக்கே கடைசி மூன்று ஆட்டங்களின் மீது உரிமை என்பது என் எண்ணம்.

சின்னப்பம்பட்டியில் 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்த நடராஜனின் மைதானத்தில் இப்போது பிள்ளைகள் தைத்த பந்தில் ஆடுகிறார்கள். நம்மைவிட அவர் பொறுமைசாலி என்றுதான் சொல்ல வேண்டும். 2025 மே மாதத்தில் ஒருநாள் அந்த இளைஞனைக் கடையில் பார்த்தேன். இப்போது அவனுக்குச் சொந்தமாக இரண்டு தறி. மணி ஏழு, டாஸ் போடும் நேரம். கைபேசியை எடுத்து டெல்லியின் ஆட்டக்காரர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். “இன்னைக்கும் இல்லீங்ணா” என்றான். பிறகு கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தறிக்குப் போனான். தினமும் பார்ப்பாயா என்று கேட்டிருந்தேன். அதற்கு அவன், “பேரு இருக்குதான்னு பாக்க எவ்வளவு நேரமுங்க ஆகும்?” என்றிருந்தான்.