கொந்தளிப்பையும் படிக்கத் தாருங்கள்

உயர்தரப் பௌதிகவியலில் கொந்தளிப்புக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. பேணூலியின் சமன்பாட்டுக்குரிய நிபந்தனைகளில் ஒன்றாக, பாய்ச்சல் அருவிக்கோட்டுப் பாய்ச்சலாக இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கொந்தளிப்பு என்பது கணக்குக்குள் அடங்காத ஒரு தொல்லை, ஆகவே வாசலில் நிறுத்தப்பட்டது என்ற எண்ணமே மனதில் பதிகிறது. இது நியாயமில்லை என்பது என் கருத்து. அதற்குச் சூரியக் காற்றைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

சூரியனிலிருந்து புரோத்தன்களும் இலத்திரன்களும் செக்கனுக்குச் சுமார் 400 கிலோமீற்றர் வேகத்தில் ஓயாமல் வெளியேறுகின்றன. 1958இல் யூஜின் பார்க்கர் இதைக் கணித்து எழுதியபோது கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் ஏற்கவில்லை. சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சந்திரசேகர். அவருக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை; ஆனால் கணிதத்தில் பிழை காண முடியாததால் வெளியிட்டார். 1962இல் மரினர் 2 விண்கலம் அந்தக் காற்றை அளந்தே காட்டியது.

விரியும் வாயு குளிரும் என்பது நமக்குத் தெரியும். வெளியிலிருந்து வெப்பம் எதுவும் சேராவிட்டால், சூரியனிலிருந்து பத்து மடங்கு தூரம் போனதும் இந்தக் காற்றின் வெப்பநிலை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும். வொயேஜர் 2 அனுப்பிய அளவீடுகள் அப்படிச் சொல்லவில்லை. வெப்பநிலை மிக மெதுவாகவே குறைந்தது. பூமியின் தூரத்தைப்போல் இருபது, முப்பது மடங்குக்கு அப்பால் மெல்ல ஏறவும் தொடங்கியது! அந்த இருட்டில் அடுப்பு மூட்டியது யார்?

கொந்தளிப்புத்தான். பிளேன்ரீயைக் கரண்டியால் கலக்கினால் பெரிய சுழி சிறு சுழிகளாக உடைந்து, கடைசியில் அசைவு முழுவதும் வெப்பமாகிவிடும். சூரியக் காற்றிலும் இதுவே நடக்கிறது. ஆனால் அங்கே துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதுவதே அபூர்வம்; காந்தப்புலந்தான் அவற்றைக் கட்டி அசைக்கிறது. சூரியனுக்கு அருகில் அலைகளில் பெரும்பாலானவை வெளிநோக்கியே ஓடுகின்றன. தூரம் கூடக்கூட எதிர்த்திசை அலைகளின் பங்கு உயர்கிறது, ஒன்றையொன்று சந்தித்து உடைகின்றன. 2018இல் ஏவப்பட்ட பார்க்கர் விண்கலம் இந்த மாற்றத்தை எண்ணிலேயே காட்டியது. பெரிய அசைவிலிருந்து சிறியதற்குச் சக்தி குறைந்து செல்லும் விதத்தைக் குறிக்கும் அடுக்கு, சூரியனருகே 3/2க்குக் கிட்டவும், பூமியருகே 5/3க்குக் கிட்டவும் இருக்கிறது. 5/3 என்பது 1941இல் கொல்மொகோரொவ் சாதாரணப் பாய்பொருள்களின் கொந்தளிப்புக்குக் கண்ட அதே எண். ஆற்று நீருக்கும் வெற்றிடம் போன்ற வெளிக்கும் ஒரே எண் வருவதைவிட அழகான விடயம் எங்கள் பாடத்தில் எத்தனை உண்டு?

தொலைதூரத்து வெப்பத்துக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. விண்மீன்களுக்கிடையிலிருந்து வரும் ஐதரசன் அணுக்கள் இலத்திரனை இழந்து, சூரியக் காற்றின் காந்தப்புலத்தில் சிக்கி, புதிய அலைகளைக் கிளப்புகின்றன. வெளியாள் வந்து கொந்தளிப்புக்கு விறகு போட்டதுபோல.

ஆனால் கடைசிப் படியில், மோதலே இல்லாத இடத்தில் அலையின் சக்தி எப்படித் துணிக்கையின் வெப்பமாகிறது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் விவாதிக்கிறார்கள். விடை தெரிந்த வினாக்களை மட்டுமே பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் செய்து வந்த எங்களுக்கு இதைத்தான் யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும். உயிரியல் பிரிவில் பலர் பௌதிகவியலை ஒரு கசப்பு மருந்தாக விழுங்குகிறார்கள். எல்லாம் முடிந்துபோன பாடம் என்று நினைப்பதும் அதற்கு ஒரு காரணம்.

பாடத்திட்டம் ஏற்கெனவே பாரம் என்பார்கள். உண்மைதான், நானும் அதைச் சுமப்பவள். நான் கேட்பது புதிய அலகு அல்ல, பாய்பொருள் பாடத்தின் முடிவில் ஒரே ஒரு பக்கம். பரீட்சைக்கு வராது என்று அதன் தலைப்பிலேயே அச்சிட்டுத் தரலாம். அதை முதலில் திறந்து வாசிக்கக்கூடிய சிலரை எங்கள் வகுப்பிலேயே எனக்குத் தெரியும்.