மானியமும் மானமும்

பள்ளிக்கூடங்களைக் கண்காணிக்க விதிகள் வேண்டுமென்பதை எவரும் மறுக்கார். கூரை ஒழுகுகிறதா, உபாத்தியாயர் ஒழுங்காக வருகிறாரா, பிள்ளைகள் எழுத்தறிந்தார்களா என்று விசாரிப்பது சர்க்காரின் கடமையேயாகும். ஆயின், பிள்ளையின் பாடத்தை விட்டு அவன் மனத்தைச் சோதிக்கப் புகுந்த அன்றே அவ்விதி விலங்காகிவிடுகிறது.

அந்நிய ஆட்சி இதைத்தான் செய்தது. 1907 மே மாதத்தில் இந்திய சர்க்காரின் காரியதரிசி ரிஸ்லி விடுத்த சுற்றறிக்கை, பள்ளிப் பிள்ளைகள் அரசியல் கூட்டங்களுக்குப் போவதைத் தடுத்தது. பணியாத பள்ளி மானியத்தையும் அங்கீகாரத்தையும் இழக்க நேரும்! அதற்குச் சற்று முன்னரே, சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ராஜமஹேந்திரபுரத்தில், 'வந்தே மாதரம்' சின்னம் அணிந்த மாணாக்கர் தண்டிக்கப்பட்டனர். காடிசர்ல ஹரிஸர்வோத்தம ராவ் கல்லூரியினின்றும் விலக்கப்பட்டார்.

வத்திராயிருப்பு அடங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதானதும் திருநெல்வேலியில் மூண்ட கலகத்தில் மாணாக்கரும் கலந்துகொண்டனர். பட்டணத்துப் பெரிய பள்ளிக்காவது தனவந்தர் துணையுண்டு. மலையடிவாரத்துச் சிற்றூரில் மானியம் நின்றால் உபாத்தியாயருக்குச் சம்பளம் ஏது? பிள்ளைகளுக்குப் படிப்பு ஏது?

சர்க்காரின் கை படாவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவுமில்லை. அதே ஜில்லாவில் சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922-இல் நிறுவிய குருகுலம் சர்க்காரைச் சார்ந்ததன்று. தேசாபிமானிகளின் பொருளால் நடந்தது. அங்கேயும் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் அதைக் கண்டித்தது முற்றிலும் நியாயமே. பொதுஜனங்களின் பணம் பெற்ற பள்ளி பொதுஜனங்களுக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும்.

ஆகவே, விதி வேண்டுமா வேண்டாமா என்பதன்று கேள்வி. யாருக்காக, யாருடைய கண்ணெதிரில் என்பதே கேள்வி. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் இதற்கொரு வழி வகுத்திருக்கிறது. சர்க்கார் பள்ளிகளிலும் மானியம் பெறும் பள்ளிகளிலும் அமையும் மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும். இவ்வுரிமை ஏட்டோடு நின்றால் பயனில்லை. வத்திராயிருப்புப் பெற்றோர்களே! குழு கூடும் நாளில் வயல்வேலையைச் சற்றே ஒதுக்கிவைத்துப் பள்ளிக்குச் செல்லுங்கள். மானியக் கணக்கையும் கேளுங்கள்; பந்தி ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.