பூஞ்சைக்குப் பாவ புண்ணியம் தெரியுமா?

தாம்பரம் சானடோரியம் 1928-ல் காச நோயாளிகளுக்காக ஏற்பட்டது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளையும் சேர்த்து வருகின்றது. இந்நோயாளிகள் வாயில் வெண்பூஞ்சை படர்ந்தாலும், மூளையுறையில் பூஞ்சை பிடித்தாலும் "கர்மபலன்" என்கிறார்கள் வைதீகர்கள்.

தோழர்களே! அந்த வாய்ப்பூஞ்சை மந்திரம் ஓதும் வாய்களிலும் குடியிருக்கின்றது. மூளைக்கேறும் பூஞ்சையோ, கோபுரப் புறாவின் எச்சத்திலிருந்துகூட யார் மூச்சிலும் புகும். இவற்றை அடக்கி வைப்பது புண்ணியமல்ல, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களேயாகும். அவற்றில் சி.டி.4 என்பவற்றை எச்.ஐ.வி. அழித்து, கன மில்லிமீட்டருக்கு 200-க்குக் கீழ் இறக்கியதும் பூஞ்சை தலைதூக்குகின்றது.

2004 முதல் அங்கு கூட்டுமருந்து இலவசமாய்க் கிடைக்கின்றது. உட்கொண்டால் அணுக்கள் பெருகும். ஆனால், கர்மப் பழிக்கு அஞ்சி ஒளிபவர்கள் காலங்கடந்தே வருகின்றார்கள். அச்சாவுக்குப் பொறுப்பாளி பூஞ்சையா, கர்மம் பேசுகின்றவனா என்று கேட்கின்றோம்.