தீர்ப்புச் சொல்லும் இருக்கையில் யார்?

ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலின் களம் அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமா. செய்யாத குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கிறார் டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி. அவர் நிரபராதி என்பதை வழக்கறிஞர் எடுத்துக்காட்டிய பிறகும் ஜூரிகள் 'குற்றவாளி' என்கிறார்கள். காரணம், அத்தனை இருக்கைகளிலும் வெள்ளை ஆண்கள்!

இது வெறும் கற்பனையல்ல. 1931இல் அதே அலபாமாவில், ஸ்காட்ஸ்பரோ வழக்கில் ஒன்பது கறுப்பின இளைஞர்கள் சிக்கவைக்கப்பட்டார்கள். ஜூரியில் கறுப்பர்களைத் தொடர்ந்து ஒதுக்கிவைத்தது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1935இல் கூறியது.

நம் நாட்டின் கதை என்ன? குற்றம் சாட்டப்பட்ட ஐரோப்பியர், ஜூரிகளில் பாதிப்பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்கவேண்டும் என்று கேட்க 1884ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. இருக்கையில் யார் என்பதன் அருமை ஆள்வோருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது!

ஜூரிமுறை போய்விட்டது. பாரபட்சமும் போய்விட்டதா? 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலச்சுவான்தார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. பெரும் நிலமும் காரும் உள்ளவர்கள் தாங்களே நடந்துபோய்த் தீவைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம்! செல்வரின் சொல் அம்பலம் ஏறியது. ஏழையின் சாம்பல் ஏறவில்லை.

1950இல் தொடங்கிய உச்ச நீதிமன்றத்துக்கு முதல் தாழ்த்தப்பட்ட நீதிபதியாகத் தமிழகத்தின் ஏ.வரதராஜன் வந்தது 1980இல். முதல் பெண் நீதிபதியாக பாத்திமா பீவி வந்தது 1989இல். 2018 முதல் 2022 வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் தாழ்த்தப்பட்டோர் 2.8 சதவீதம், சிறுபான்மையினர் 2.6 சதவீதம். இது மத்திய சட்ட அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன கணக்கு.

டெல்லியைக் கேட்கும் நாம் நம் ஊரையும் கேட்கவேண்டும். லைட்ஹவுஸ் குப்பம் உள்ளிட்ட பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் தகராறு வந்தால் முதலில் கூடுவது ஊர்ப் பஞ்சாயத்து. அதில் உட்காருவோர் பெரும்பாலும் ஆண்களே. கூடை சுமந்து மீன்விற்கும் பெண்ணின் வழக்கையும் அவர்களே முடிக்கிறார்கள். நம் ஜமாஅத்துகளில் மட்டும் என்ன வாழ்கிறது? தலாக் வழக்கில் கணவன் தரப்பு சபையில் அமர்ந்திருக்க, மனைவி வாசலில் காத்து நிற்பது நியாயமா?

தாழ்த்தப்பட்டவர் என்பதற்காக ஒருவர் நியாயமாகத் தீர்ப்பளித்துவிடுவார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரே வகையினர் மட்டுமே நிரம்பிய சபைக்கு, தன் பார்வை குறையுள்ளது என்பதே தெரியாமல் போகும்.

நீதிபதி நியமனத்தில் எல்லாச் சமூகங்களுக்கும் உரிய பங்கு வேண்டும். அதைக் கேட்கும் தகுதி நமக்கு வேண்டுமானால், நம் சபைகளின் கதவை நாம் முதலில் திறக்கவேண்டும்.