சிக்கலாருக்கு யார் பொருத்தம்?

ஒரு நாவலைப் படமாக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்துவிட்டால் போதும், தஞ்சாவூரில் டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் ஒரே பேச்சுதான்: ஹீரோ யாராம்? 'பொன்னியின் செல்வன்' விஷயத்தில் இந்தப் பேச்சு எழுபது வருஷம் ஓய்ந்ததே இல்லை. 1950இல் 'கல்கி'யில் தொடர் ஆரம்பித்ததும் ஓவியர் மணியம் வரைந்த முகங்களைப் பார்த்துத் தொடங்கிய பேச்சு அது. 1958இல் எம்.ஜி.ஆர். படமாக்கும் உரிமையை வாங்கினார். படம் எடுக்க முடியாமலே போயிற்று. வந்தியத்தேவனுக்கு ரஜினிகாந்த் பொருந்துவார் என்று ஜெயலலிதா ஒருமுறை சொல்லியிருந்தார். அதை ரஜினியே 2022 செப்டம்பரில், மணிரத்னம் படத்தின் இசை வெளியீட்டு மேடையில் நினைவுகூர்ந்தார். பெரிய பழுவேட்டரையராக நடிக்கத் தாம் கேட்டதையும், மணிரத்னம் சம்மதிக்காததையும் அதே மேடையில் சொன்னார். இத்தனை பெரிய நடிகருக்கே ஒரு வேஷத்தின் மேல் இப்படி ஓர் ஆசை இருந்திருக்கிறது என்றால், படித்தவர்கள் சண்டை போட்டுக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும். ஒரு பாத்திரத்தைத் தன் வீட்டு மனுஷராக நினைக்கிறவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள். ஆனால் பேச்சு எப்போதும் முகத்திலேயே நின்றுவிடுகிறது. மூக்கு எடுப்பாக இருக்கிறதா, உயரம் சரியா, வயது ஒத்துவருமா என்று கேட்கிறோம். காவிரிக் கரைக் கதைகளுக்கு இது போதாது. இங்கே எழுதப்பட்ட பெரிய கதைகளின் நாயகர்கள் ஏதாவது ஒரு வித்தையில் ஊறியவர்கள். நாயனம் வாசிக்கிறார்கள், சதங்கை கட்டுகிறார்கள், விடியலில் எழுந்து தம்பூராவோடு சாதகம் செய்கிறார்கள், வயலில் இறங்குகிறார்கள். அந்த வித்தை நடிகரின் உடம்பில் ஏறுமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். முகம் அதற்குப் பிறகு.

இதற்கு என்னிடம் உள்ள பெரிய சாட்சி 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் ஐம்பதுகளில் ஆனந்த விகடனில் எழுதிய தொடர். படம் போட்டவர் கோபுலு. அவர் தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். மேளக்காரர்கள் எப்படி உட்காருவார்கள், எப்படித் துண்டு போடுவார்கள் என்று கண்ணால் பார்த்து வளர்ந்தவர். அதனால் வாசகர் மனதில் நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் நாட்டியக்காரி திருவாரூர் மோகனாவுக்கும் ஏற்கெனவே முகம் இருந்தது. அந்த முகங்களுக்கு எதிரே 1968இல் இயக்குநர் ஏ.பி. நாகராஜன் நிறுத்தியது சிவாஜி கணேசனையும் பத்மினியையும். படம் வந்தபோது சிவாஜிக்கு 39 வயது, பத்மினிக்கு 36. வயதை மட்டும் கணக்குப் பார்த்திருந்தால், காதலில் தடுமாறும் அந்த இளம் ஜோடிக்கு இருவருமே தேறியிருக்க மாட்டார்கள்.

நாகராஜன் வேறு கணக்குப் போட்டார். நாதஸ்வரம் லேசான வாத்தியம் இல்லை. நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்தெடுக்கிற நீளமான குழல் அது. அதில் விரல் பாதி வேலைதான் செய்யும். மீதி வேலை உதட்டுக்கும் மூச்சுக்கும். சீவாளியை உதடு எவ்வளவு அழுத்துகிறது, மூச்சு எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் சுரம் நிற்பதும் வளைவதும் இருக்கிறது. எனவே வாசிக்கிறவரின் கன்னம், கழுத்து, புருவம், தோள் எல்லாமே ராகத்தோடு சேர்ந்து அசையும். எங்கள் பக்கத்துக் குழந்தைக்குக்கூட இது தெரியும். கோயில் புறப்பாட்டில் தகப்பன் தோளில் உட்கார்ந்து அது பார்த்திருப்பது நாயனக்காரரின் கன்னத்தைத்தான். சும்மா குழலைத் தூக்கிப் பிடித்து விரலை ஆட்டினால் டெல்டா ரசிகர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

படத்தில் கேட்கும் வாசிப்பு மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அவர்கள் வாசிப்பதைச் சிவாஜி உட்கார்ந்து உற்றுக் கவனித்தார் என்பது ஊரறிந்த செய்தி. கவனித்ததன் பலன் திரையில் இருக்கிறது. ஒரு நீண்ட பிடி முடியும் இடத்தில் அவர் தோள் இறங்கும். அடுத்த பிடிக்கு முன் மூச்சை எங்கே எடுக்க வேண்டுமோ அங்கே எடுப்பார். கூட வாசிக்கிற ஏ.வி.எம். ராஜனை ஒரு பார்வையால் தட்டிக்கொடுப்பார். தவிலில் டி.எஸ். பாலையா ஒரு முத்தாய்ப்பு வைத்தால் அதற்குத் தலையசைப்பார். மேளத்தில் உட்காருகிறவர்கள் ஒருவரை ஒருவர் கேட்பதுதான் கச்சேரி. சிவாஜி வாசிப்பதாக நடித்தது பாதி. கேட்பதாக நடித்தது மறுபாதி. இந்த இரண்டாவது பாதியை வேறு எந்த நடிகரும் இவ்வளவு சிரத்தையாகச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருக்கு இது எப்படி வாய்த்தது? சின்ன வயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளை நாடகக் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர். பாய்ஸ் கம்பெனியில் பாட்டு, நடை, வசனம், பெண் வேஷம் எல்லாமே உடம்பைப் பழக்கித்தான் வரும். நாகராஜனும் அந்த நாடகக் கம்பெனி மரபில் வந்தவர்தான். போதாததற்குச் சிவாஜியின் குடும்பத்துக்குத் தஞ்சாவூரை அடுத்த சூரக்கோட்டையில் வீடும் வயலும் உண்டு. இந்தச் சீமையின் மேளச் சத்தம் அவருக்கு அந்நியமானதல்ல.

இங்கே ஒருவர் கேட்கலாம்: நிஜமான வித்வானையே நடிக்க வைத்தால் என்ன? அதுவும் நடந்திருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'காளமேகம்' படத்தில் கவி காளமேகமாகவே நடித்தார். அவர் வாசித்த தோடியை இன்றும் தஞ்சை ஜில்லா மறக்கவில்லை. அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோர் இல்லை. பெரிய வித்வான் ஒருவர் தம் வாத்தியத்தில் தாமாகவே இருக்கிறார். இன்னொருவராக மாறுவது வேறு வித்தை. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் வேறு வழி எடுத்தார்கள். வாசித்தவர் காருக்குறிச்சி அருணாசலம், திரையில் குழல் பிடித்தவர் ஜெமினி கணேசன். காருக்குறிச்சியின் நாயனமும் எஸ். ஜானகியின் குரலும் சேர்ந்த அந்தப் பாட்டைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சொர்க்கம். 'தில்லானா மோகனாம்பாளை'க் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கலாம். எனக்கு இரண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

சண்முகசுந்தரத்துக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது: கர்வம். அந்தப் பாத்திரத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் சாயல் உண்டு என்று பலர் சொல்வார்கள். நாயனக்காரர் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் வாசிக்க வேண்டும் என்றிருந்த காலத்தில், மேடையில் உட்கார்ந்து வாசிப்பேன் என்று நின்றவர் பிள்ளை. எத்தனையோ தலைமுறை மேளக்காரர்கள் பட்ட அவமானத்துக்குப் பதிலாக எழுந்த கர்வம் அது. அதை வெறும் முன்கோபமாக நடித்தால் பாத்திரம் சிறுத்துப்போகும். சிவாஜி கச்சேரியை நிறுத்திவிட்டு எழுந்திருக்கும்போது, அது ஒரு மனிதரின் கோபமாக மட்டும் தெரியவில்லை; ஒரு தொழிலின் மானமாகத் தெரிந்தது. இவ்வளவு கனத்தைச் சுமக்க, நாடே அண்ணாந்து பார்க்கும் ஒரு நடிகர் வேண்டியிருந்தது. நட்சத்திரம் என்ற தகுதி உண்மையிலேயே பாத்திரத்துக்கு உதவிய அபூர்வமான இடம் இது.

மோகனாவுக்கு வருவோம். பத்மினி பிறந்தது திருவனந்தபுரத்தில். வெளியூர்ப் பெண்ணைத் திருவாரூர்க்காரி ஆக்கலாமா என்று ஒருவர் தயங்கியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பரதம் சொல்லிக்கொடுத்தவர் திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளை. பிறந்த மண் எதுவானாலும் அவருடைய அடவு காவிரிக் கரை அடவு. அரைமண்டியில் உட்கார்ந்து ஜதிக்குப் பதில் சொல்லும்போது அந்த உடம்பு பேசியது எங்கள் ஊர்ப் பாஷை. போட்டியில் கத்திக்குத்துப் பட்டு, கை முடங்கிக் கிடந்த சண்முகசுந்தரம் மறுபடி வாசிக்க வரும்போது, மோகனா ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள். அபிநயமும் கண்ணீரும் ஒன்றாக வரும் அந்த இடத்தை ஆடத் தெரிந்த ஒரு நடிகையால்தான் தாங்க முடியும். மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூர் நாடக மேடையில் வளர்ந்த மனோரமாவை, நாடகக்காரி ஜில் ஜில் ரமாமணியாகப் போட்டதும் அதே நியாயத்தில்தான்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் இதே நியாயம் வேறு விதமாக வேலை செய்தது. ஞான ராஜசேகரன் 1995இல் அதைப் படமாக்கியபோது நாயகி யமுனாவாக நடித்தவர் அர்ச்சனா ஜோக்லேகர், மராத்திப் படங்களில் நடித்தவர், கதக் ஆடுகிறவர். யமுனாவின் தாய் தஞ்சை மராத்தியக் குடும்பத்துப் பெண். 1855 வரை மராத்திய அரசர்களான போன்ஸ்லேக்கள் இருந்த ஊரில் அப்படி எத்தனையோ வீடுகள் உண்டு. தெருவில் தமிழும் கூடத்தில் மராத்தியுமாக வாழ்ந்த வீட்டுப் பெண் ஒருத்தி, நம்மூர்க்காரியாகவும் சற்றே அந்நியமாகவும் தெரிய வேண்டும். அர்ச்சனா நிமிர்ந்து நின்ற நிலையிலேயே அது வந்துவிட்டது. சங்கீத குரு ரங்கண்ணாவாக வந்த நெடுமுடி வேணு குட்டநாட்டுக்காரர். அதுவும் வயலும் வாய்க்காலுமான நெல் சீமை. மிருதங்கம் வாசிக்கத் தெரிந்தவர். சிஷ்யன் பாடும்போது ஒரு குரு எப்படிக் கேட்பார் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மண்ணின் மைந்தரைத்தான் போட வேண்டும் என்று வாதாடுகிறவர்களுக்கு நான் சொல்வது, வித்தை பழகிய வெளியூர்க்காரரும் இந்த மண்ணுக்காரர் ஆகலாம் என்பதைத்தான். வெளிநாட்டிலும் இது நடந்திருக்கிறது. மார்கரெட் மிட்செலின் 'கான் வித் த விண்ட்' நாவலைப் படமாக்க, ஸ்கார்லெட் வேஷத்துக்குத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் ஏறத்தாழ இரண்டு வருஷம் அமெரிக்கா முழுக்கத் தேடினார். கடைசியில் 1939இல் ஜார்ஜியாப் பெண்ணாகத் திரையில் வந்தவர் டார்ஜிலிங்கில் பிறந்த ஆங்கிலேயப் பெண் விவியன் லீ. தெற்கத்திப் பேச்சைப் பழகி, பழகியே அந்த ஊர்ப் பெண்ணானார்.

மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாக வந்தது. படப்பிடிப்பின் பெரும்பகுதி தாய்லாந்து, ஹைதராபாத், மத்தியப் பிரதேசம் என்று வெளியிலேயே நடந்தது. ஆனாலும் வீரநாராயண ஏரிக் கரையில் குதிரையில் வரும் கார்த்தியைப் பார்த்தபோது எனக்கு வந்தியத்தேவனைப் பற்றிக் கவலை போய்விட்டது. ஊர் சுற்றுகிறவனுக்குக் குதிரை மேல் ஓர் இலகு வேண்டும், வாயில் ஒரு குறும்பு வேண்டும். இரண்டும் இருந்தன. மணியத்தின் சித்திரத்தோடு முகத்தை ஒத்துப்பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

இன்னும் படமாகாத கதைகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிகள் எரித்துக் கொல்லப்பட்டதைப் பற்றியது. அதை யாராவது எடுக்கத் துணிந்தால், நாயகி சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். நாற்று முடியை இடது கையில் பிடித்து, வலது கையால் பிரித்து ஊன்றி, குனிந்த இடுப்பு நிமிராமல் பின்னாலேயே நகர்ந்து போகிற வேலை அது. ஒரு நாள் பழகினால் வராது. அழகான நடிகையின் கன்னத்தில் கொஞ்சம் சேற்றைப் பூசி நிறுத்தினால், அந்த வேலையைச் செய்து வாழ்ந்து செத்தவர்களுக்கு அது அவமரியாதை. வித்தை தெரிந்தாற்போல் காட்டுவது போதும் என்று நினைக்கிற இயக்குநர் எங்கள் கதைகளைத் தொடவே வேண்டாம் என்பேன்.

எனவே அடுத்து வருகிறவர்களிடம் என் வேண்டுகோள் நேரானது. நடிகரைத் தேர்வு செய்யும் இடத்தில் அந்தத் தொழில் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். நாயனக் கதை என்றால் ஒரு நாதஸ்வர வித்வான், வயல் கதை என்றால் நடவுக்குப் போகிற ஓர் அம்மா. அவர்கள் சரி என்று சொன்ன பிறகு முகத்தைப் பற்றிப் பேசலாம். நடிகரிடம் கால்ஷீட் கேட்பதற்கு முன், ஒரு போகம் முழுக்க இங்கே வந்து தங்கிப் பழகச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதிக்கிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், எத்தனை வயதானாலும், அவரை எங்கள் நாயகனாகவும் நாயகியாகவும் ஏற்றுக்கொள்வதில் எங்களுக்குத் தயக்கமே கிடையாது.