அக்கரையிலுள்ளோர் ஓட்டுரிமை

அயல்நாடுகளில் வசிக்கும் இந்தியப் பிரஜைகளுக்கு ஓட்டுரிமை வேண்டுமா, வேண்டாமா என்று இன்னமும் சிலர் தர்க்கம் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் தர்க்கத்தைப் பார்லிமெண்டு 2010-ஆம் வருஷத்திலேயே தீர்த்து வைத்துவிட்டது. வேலை, படிப்பு முதலிய காரணங்களால் வெளிநாட்டில் தங்கியிருப்பவர், பிற நாட்டுக் குடியுரிமை பெறாதவராயின், தமது பாஸ்போர்ட்டில் கண்ட ஊரின் ஓட்டர் ஜாபிதாவில் பெயர் பதிந்துகொள்ளலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20-ஏ என்னும் புதுப் பிரிவு சேர்க்கப்பட்டது. 2011 முதல் அது அமலில் இருக்கிறது. ஆகவே எஞ்சி நிற்கும் கேள்வி ஒன்றே: கொடுத்த உரிமையை அனுபவிக்க வழி உண்டா? இல்லை என்பதே நமது பதில்.

தேர்தல் தினத்தன்று அசல் பாஸ்போர்ட்டுடன் சொந்த ஊர்ச் சாவடியில் நேரில் வந்து நின்றால்தான் இவர்கள் ஓட்டுப் போடலாம் என்பது விதி. செக்காலைவாசி ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ கூலிக்கு உழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலாளியிடம் விடுமுறை பெற்று, விமானச் சீட்டு வாங்கி, திருச்சியிலோ மதுரையிலோ இறங்கி, அங்கிருந்து காரைக்குடி வந்து, சிவகங்கைத் தொகுதிக்கு ஒரு ஓட்டைப் போட்டுவிட்டுத் திரும்பவேண்டும். சில மாதச் சேமிப்பு அந்த ஒரு ஓட்டில் கரைந்துபோகும். பணமுள்ளவன் மட்டுமே அனுபவிக்கக்கூடியதை உரிமை என்று சொல்வது சொல்லுக்கே அவமானம். சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு என்றிருந்த அன்னிய ஆட்சியின் ஏற்பாட்டைக் குடியரசு ஒழித்தது. அந்த ஏற்பாடு விமானச் சீட்டின் உருவில் இப்போது கொல்லைப்புற வழியாக உள்ளே வந்திருக்கிறது.

இதன் பலனைக் கணக்கே சொல்லும். வெளிநாடுகளிலுள்ள இந்தியப் பிரஜைகள் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள். 2024 லோக் சபைத் தேர்தலில் அவர்களில் பெயர் பதிந்திருந்தவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 19 ஆயிரம் பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர். அவர்களிலும் 2,670 பேர் கேரளத்தார். ஏனைய ராஜ்யங்கள் அனைத்துக்கும் சேர்த்து முந்நூறு பேர்கூட இல்லை. அதே 2024-ல் வெளிநாட்டு இந்தியர் தாய்நாட்டுக்கு அனுப்பிய பணம் உலக வங்கியின் மதிப்பீட்டில் சுமார் 12,900 கோடி டாலர். பணம் ஒரு நொடியில் கடல் தாண்டி வருவதற்கு வழி செய்து கொடுத்த சர்க்காருக்கு, ஓட்டு கடல் தாண்டி வருவதற்கு மட்டும் வழி தெரியவில்லையா?

ஆட்சேபம் சொல்வோர் முதலில் அரசியல் சட்டத்தைக் காட்டுகிறார்கள். 326-ஆவது ஷரத்து, ஊரில் வசிக்காமையைக் காரணமாகக் கொண்டு ஒருவருக்கு ஓட்டை மறுக்கச் சட்டசபைகளுக்கு இடம் தந்திருப்பது உண்மைதான். ஆனால் இடம் தந்திருக்கிறதேயன்றிக் கட்டாயம் செய்யவில்லை. அந்தத் தடையைப் பார்லிமெண்டே நீக்கிய பிறகு அதை மீண்டும் எடுத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. கதவைத் திறந்துவிட்டுப் படிக்கட்டை இடித்துப் போட்டிருப்பதுதான் நமது புகார்.

‘ஊரை விட்டுப் போனவனுக்கு ஊர் விவகாரம் எதற்கு?’ என்பது இரண்டாவது ஆட்சேபம். இதற்குப் பதில் சொல்லச் செட்டிநாட்டைக் காட்டிலும் தகுதியுள்ள சீமை வேறில்லை. பர்மா, மலாய், இலங்கை, இந்தோசீனா என்று கொண்டுவிற்கப் போனவர்கள், மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தொழில் அக்கரையில் நடந்தது. குடும்பமும் கோயிலும் கல்யாணமும் இக்கரையிலேயே இருந்தன. இங்கே எழும்பி நிற்கும் பெரிய வீடுகள், அவர்கள் மனம் எந்த ஊரில் இருந்தது என்பதற்குச் சாட்சி. இன்று வளைகுடா நாடுகளில் கட்டிட வேலை செய்பவன் நிலையும் இதுவே. அங்கே அவன் எத்தனை வருஷம் உழைத்தாலும் குடியுரிமை பெறுவது எளிதன்று. ஒப்பந்தம் முடிந்தால் திரும்பி வந்து இங்கேதான் வாழவேண்டும். அவன் பிள்ளை படிக்கும் பள்ளியையும், அவன் தாய் போகும் ஆஸ்பத்திரியையும், அவன் பயணத்தையே ஆளும் 1983-ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டத்தையும் இந்நாட்டுச் சட்டசபைகளும் பார்லிமெண்டும் அல்லவா தீர்மானிக்கின்றன?

இரு கரைகளிலும் ஓட்டில்லாதவன் கதி என்ன ஆகும் என்பதைத் தமிழர் இலங்கையில் கண்டிருக்கிறார்கள். 1947 தேர்தலில் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் ஏழு பிரதிநிதிகளை அனுப்பினர். 1948-ல் குடியுரிமைச் சட்டமும் 1949-ல் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்து அவர்களில் மிகப் பெரும்பாலோரின் ஓட்டைப் பறித்தன. பிறகு 1964-ல் இரு நாட்டுப் பிரதம மந்திரிகளும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று அவர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஓட்டு இருந்திருந்தால் அவர்களைக் கேளாமல் அவர்களைப் பங்கிடத் துணிந்திருப்பார்களா? இன்று அக்கரையில் உழைக்கும் நம்மவர் நாடற்றவர் அல்லர்; அந்த வித்தியாசம் பெரிது. ஆனால் குரலற்ற கூட்டத்தின் குறை எவர் காதிலும் ஏறாது என்ற பாடம் இருவருக்கும் பொருந்தும்.

வழி என்ன என்பதில் சர்க்கார் காட்டியுள்ள நிதானம் வியப்புக்குரியது. தேர்தல் கமிஷனின் பரிந்துரையை ஏற்பதாக 2015-ல் சுப்ரீம் கோர்ட்டில் மத்திய சர்க்கார் தெரிவித்தது. 2018 ஆகஸ்டில், பதிலாள் மூலம் ஓட்டளிக்க அனுமதிக்கும் மசோதா லோக் சபையில் நிறைவேறியது; மேல்சபையைக் கடக்குமுன் சபை கலைந்து, 2019-ல் மசோதாவும் காலாவதியாயிற்று. 2020 நவம்பரில், ராணுவத்தாருக்கு உள்ளதுபோல் மின்வழி அனுப்பும் தபால் ஓட்டை இவர்களுக்கும் தரலாமென்று கமிஷன் எழுதிற்று. அதன்பின் வருஷங்கள்தான் கடந்தன.

பதிலாள் முறை காலாவதியானதில் நமக்கு வருத்தமில்லை. ஒருவன் ஓட்டை மற்றொருவன் போடுவதென்றால் ரகசிய ஓட்டு என்ன ஆவது? ஓட்டை விலை பேசும் வழக்கம் முற்றிலும் ஒழியாத நாட்டில், நூறு பேரின் அதிகாரப் பத்திரத்தைச் சேகரித்து வைத்துக்கொள்ளும் தரகன் தோன்றமாட்டான் என்று எவர் உறுதி கூறுவார்? தபால் முறை இதைவிட மேல். எனினும் தொழிலாளர் முகாமில் மேஸ்திரி பார்த்திருக்க ஓட்டுச் சீட்டை நிரப்ப நேருமோ என்ற அச்சம் நியாயமானது. ஆகையால் நமது அபிப்பிராயம் இது: இந்திய ஸ்தானிகராலயங்களிலும் துணைத் தூதரகங்களிலும் ஓட்டுப் பெட்டி வைக்கவேண்டும். அங்கே வரமுடியாத தூரத்திலிருப்பவர்களுக்கு மட்டும் தபால் ஓட்டு அளிக்கவேண்டும்.

இது நடவாத காரியமன்று. உதாரணத்திற்குப் பாரிஸ் வரை போகவேண்டியதில்லை. காரைக்கால் வரை போனால் போதும். அங்கும் புதுச்சேரியிலும் வாழும் பிரெஞ்சுப் பிரஜைகளான தமிழர்கள், 2022 பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலில் உள்ளூரிலேயே ஓட்டுப் போட்டார்கள். வெளிநாட்டிலுள்ள பிரெஞ்சுக்காரருக்கென்றே 2012 முதல் அந்நாட்டுச் சபையில் 11 ஸ்தானங்களும் உண்டு. சிங்கப்பூர் தன் பிரஜைகளுக்கு வெளிநாடுகளில் சாவடி வைத்திருப்பதோடு, 2023 முதல் தபால் ஓட்டும் தந்திருக்கிறது. மலேசியா 2013-லேயே தபால் ஓட்டை விரிவாக்கியது. காரைக்காலில் இருந்துகொண்டு ஒரு தமிழர் பிரான்ஸின் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கலாம். கோலாலம்பூரில் இருந்துகொண்டு காரைக்குடித் தமிழர் தம் தொகுதிப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க முடியாது. இது விந்தையல்லவா?

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறோம். முதலில் வளைகுடா அல்லாத நாடுகளில் தபால் ஓட்டைச் சோதித்துப் பார்க்கலாமென்று 2020-ல் செய்திகள் வெளிவந்தன. அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவருக்கு முதல் பந்தி, குவெய்த்தில் வெயிலில் நின்று கல் சுமப்பவருக்குக் கடைசிப் பந்தி என்ற ஏற்பாட்டை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளோம். பிறநாட்டார் தம் மண்ணில் ஓட்டுச் சாவடி வைக்க, அந்த சர்க்கார்களின் சம்மதம் வேண்டியிருக்கலாம். சம்மதம் பெறுவதுதானே ஸ்தானிகர்களின் வேலை?

சட்டம் திருந்தும்வரை நம்மவரும் வாளாவிருக்கலாகாது. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய ஜாபிதாவின் விசேஷத் திருத்தத்தில், ஊரில் இல்லாதவர் பெயர்களை நீக்குவதும் ஒரு நோக்கமாக இருந்தது. பூட்டிய வீடுகள் மிகுந்த இச்சீமைக்கு அதன் பொருள் விளங்கும். வெளிநாட்டிலுள்ள பிரஜைகளுக்கென்று 6-ஏ என்னும் தனிப் படிவம் உண்டு. அதை நிரப்பி அனுப்பிப் பெயரைப் பதிந்துகொள்வது ஒவ்வொருவர் கடமை. லட்சக்கணக்கானோர் பதிந்துகொண்டு, ஆயிரக்கணக்கானோரே ஓட்டளிக்க முடிந்தது என்ற நிலை வந்தால், அந்தக் கணக்கே சர்க்காரின் வாயை அடைக்கும். ஊரிலுள்ள உறவினர்களும், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும் ஒவ்வொரு அபேட்சகரையும் நிறுத்தி, ‘அக்கரையில் இருக்கும் எங்கள் பிள்ளையின் ஓட்டுக்கு என்ன வழி செய்யப்போகிறீர்?’ என்று கேட்கவேண்டும். பதில் சொல்லாதவருக்கு இக்கரையிலுள்ளவர்களின் ஓட்டும் இல்லை என்று சொல்லிவிடலாம்.