சுத்தியலைக் கீழே வைங்க மக்களே: வீட்டு பீரும் ஒரு கண் டாக்டரின் புலம்பலும்

1/ நீளமான இழை. பொறுமையா படிங்க. நான் பிரிட்டனில் கண் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்த ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது சட்டப்படி சரி. 1963-இல் லைசென்ஸ் வேண்டும் என்ற விதியையே எடுத்துவிட்டார்கள். விற்காத வரை யாரும் கேட்க மாட்டார்கள். இங்குள்ள நம்ம தமிழ்ப் பசங்க நிறைய பேர் இதில் இறங்கியிருக்காங்க. அவங்களுக்காகத்தான் இது.

2/ முதலிலேயே ரெண்டு விஷயம். தமிழ்நாட்டில் இதைச் செய்தால் குற்றம், அங்கிருந்து முயற்சி செய்யாதீங்க. அடுத்தது, மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. நான் குடிக்கச் சொல்லவில்லை. காய்ச்சுறவங்க கண்ணோடு இருங்க என்கிறேன்.

3/ இப்போ விஷயத்துக்கு வருவோம். சில நாள் முன்னாடி ஒருத்தர் கண்ணில் துண்டைப் பொத்திக்கொண்டு வந்தார் (அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்). பீர் பாட்டிலுக்கு மூடி போட்டிருக்கிறார். கருவி என்ன? சுத்தியல் கேப்பர். மூடியை வாயில் வைத்து, மேலே ஒரு இரும்புக் குப்பியைக் கவிழ்த்து, சுத்தியலால் 'டங்'. பத்துப் பதினைந்து பாட்டில் ஒழுங்காகப் போனது. அடுத்ததில் வாய் உடைந்து, கண்ணாடிச் சில்லு கருவிழியைக் கிழித்துவிட்டது. தையல் போட்டோம். பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

4/ அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கு: "ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுதான் சீப்னு வீடியோவில் சொன்னாங்க டாக்டர்." என் கோபம் அவர் மேல் இல்லை. 'முதலில் சீப்பாக வாங்கு, பழகினதும் நல்லது வாங்கு' என்ற அந்த அறிவுரை மேல்தான். கிரிக்கெட் மட்டைக்கு அது சரி. கண்ணாடியைச் சுத்தியலால் அடிக்கிற வேலையில், பழகாதவனுக்குத்தானே முதலில் நல்ல கருவி வேணும்?

5/ கொஞ்சம் அடிப்படை. நம்ம ஊரில் சோடா மூடி என்கிறோமே, அந்தப் பல் வைத்த தகர மூடிக்கு 1892-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் என்பவர் காப்புரிமை வாங்கினார். இன்றைய மூடிக்கு 21 பல். வழக்கமான அளவு 26 மில்லிமீட்டர். ஷாம்பெயின் பாட்டில்களுக்கும் சில பெல்ஜியம் பாட்டில்களுக்கும் 29. வாங்கும் முன் உங்க பாட்டில் எது என்று பாருங்க.

6/ அந்த 21 பல்லும் ஒரே நேரத்தில், ஒரே அளவு அழுத்தத்தில் உள்ளே மடங்க வேண்டும். கேப்பரின் வேலை அவ்வளவுதான். வேண்டியது நிதானமான அழுத்தம். சுத்தியல் தருவது அதிர்ச்சி. கண்ணாடி அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், அதிர்ச்சியைத் தாங்காது. அடி கொஞ்சம் சாய்ந்தால் ஒரு பக்கம் மூடி இறுகாது, மறுபக்கம் வாய் சிதறும். சிதறாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம். அந்த விரிசலோடுதான் பாட்டில் அலமாரிக்குப் போகிறது.

7/ அலமாரியில் என்ன நடக்கும்? லிட்டருக்கு 5, 6 கிராம் சர்க்கரை போட்டு மூடுகிறோம். ஈஸ்ட் அதைத் தின்று கேஸ் விடும். சாதாரண அறை வெப்பத்தில் உள்ளே சுமார் 2 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பதை ஒட்டிய அளவு. விரிசல் விட்ட கண்ணாடிக்குள் கார் டயர் காற்றை அடைத்துச் சமையலறையில் வைப்பீங்களா?

8/ அப்போ எதை வாங்குவது? ரெண்டு கைப்பிடி கேப்பர் போதும். ரெண்டு இறக்கை மாதிரி விரிந்திருக்கும், பாட்டில் கழுத்து வளையத்தைப் பிடித்துக்கொண்டு மூடியை மெதுவாக இறக்கும். சுத்தியல் வகையைவிடச் சில மடங்கு விலை, ஆனாலும் ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் பில்லைவிடக் குறைவு. குறை: கழுத்து வளையம் வேறு மாதிரி இருந்தால் பிடிக்காது. பிடிக்காத பாட்டிலில் பலத்தைக் காட்டாதீங்க, கழுத்தே ஒடியும். அந்தப் பாட்டிலை ஒதுக்குங்க.

9/ மேசை கேப்பர் இன்னும் நல்லது. பாட்டில் தட்டில் நிற்கும், நெம்புகோல் மேலிருந்து நேராக இறங்கும். கழுத்தைப் பிடிப்பதே இல்லை. பாட்டில் உயரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும், அதனால் ஒரே உயர பாட்டில்களைச் சேர்த்து வையுங்க. மாதம் ஒரு முறை காய்ச்சுறவங்க, கையில் வாதம் உள்ளவங்க இதை வாங்கலாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை காய்ச்சுற உங்களுக்கு இது கட்டாயம் இல்லை. கடைக்காரர் சொல்வதற்காக வாங்காதீங்க.

10/ "எங்க மாமா நாற்பது வருஷமா சுத்தியல்தான், ஒன்னும் ஆகலை" என்று கமெண்ட் வரும், தெரியும். ஹெல்மெட் போடாமல் நாற்பது வருஷம் பைக் ஓட்டிய மாமாவும் எல்லாருக்கும் ஒருத்தர் இருக்கார். ஒன்றும் ஆகாதவங்க கதை சொல்ல வருவாங்க. ஆனவங்க என்கிட்ட வருவாங்க.

11/ இனி கேப்பர் விற்கிறவங்க சொல்லாத உண்மை. எவ்வளவு நல்ல கேப்பரும் பாட்டில் வெடிப்பதைத் தடுக்காது. நன்றாக இறுகிய மூடி கேஸை வெளியே விடாது, அவ்வளவுதான். வெடிப்பதற்குப் பெரிய காரணம் அவசரம். பீர் 1.010-இல் நிற்க வேண்டியது. நீங்க 1.016-இலேயே பாட்டிலில் அடைத்தால், அந்த 6 புள்ளிச் சர்க்கரையும் உள்ளேயே கேஸாகும். அழுத்தம் ரெண்டு மடங்குக்கும் மேலே போகும்.

12/ அதனால் கேப்பருக்கு முன் ஹைட்ரோமீட்டர் வாங்குங்க. மூணு நாள் தொடர்ந்து அளவு மாறாமல் இருந்தால் மட்டும் பாட்டில். சர்க்கரையைக் கண் மதிப்பில் கொட்டாதீங்க, தராசில் எடை போடுங்க. 20 லிட்டருக்கு 120 கிராம், அதற்கு மேல் வேண்டாம்.

13/ பாட்டில் விஷயம். பீர் அடைத்து விற்ற, திறப்பானால் திறக்கும் கனமான பழுப்பு பாட்டில் நல்லது. திருகு மூடி பாட்டில் வேண்டாம். வாயில் சில்லு பெயர்ந்தது நேராகக் குப்பைக்கு. அழகுக்கு விற்கும் சதுரக் கண்ணாடி பாட்டிலில் எண்ணெய் ஊற்றி வைங்க, பீர் வேண்டாம். அது அழுத்தம் தாங்கச் செய்ததல்ல.

14/ முதல் தடவையா? கேப்பரே வேண்டாம். பழைய சோடா, கோலா வந்த பிளாஸ்டிக் பாட்டில் போதும். திருகினால் மூடும். கையால் அழுத்திப் பார்த்தாலே கேஸ் ஏறியது தெரியும். அதிகமானால் உப்பும், சில்லாகப் பறக்காது. "பார்க்க நல்லா இல்லை" என்பதுதான் இதற்கு எதிரான ஒரே வாதம். கண் மருத்துவரிடம் அந்த வாதத்தோடு வராதீங்க.

15/ நம்ம ஊர் சோடாக் கடையில் பாட்டிலை இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் கேஸ் ஏற்றுவார். படித்தவர் அல்ல, ஆனால் கண்ணாடி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். நீங்களும் மூடி போடும்போது பாதுகாப்புக் கண்ணாடி, கனமான கையுறை போடுங்க. படிக்கிற கண்ணாடி கணக்கில் வராது. நிரம்பிய பாட்டில்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், குளிர்ச்சியான இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைங்க.

16/ மீறி நடந்துவிட்டால்: கண்ணைத் தேய்க்காதீங்க. அழுத்தாதீங்க. குத்தியிருக்கும் சில்லைப் பிடுங்காதீங்க. கிழிந்த கண்ணில் தண்ணீர் அடிக்காதீங்க, சொட்டு மருந்தும் வேண்டாம். ஒரு பேப்பர் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணில் படாமல் கவிழ்த்து ஒட்டுங்க. ஆபரேஷன் தேவைப்படலாம், அதனால் எதுவும் சாப்பிடாதீங்க, குடிக்காதீங்க. நேராக அவசரப் பிரிவு.

17/ கடைசியா கடைக்காரர்களுக்கு. 'தொடக்கக்காரர் பெட்டி' என்று விற்கிறீர்களே, அதிலிருந்து சுத்தியல் கேப்பரை எடுத்துவிட்டு ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வைங்க. பெட்டி விலை பெரிதாக ஏறாது. எங்க வார்டில் ஒரு கட்டில் காலியாகும்.

18/ பீர் காய்ச்சும் நண்பர் யாராவது இருந்தால் இதை அனுப்புங்க. திட்டுவார், பரவாயில்லை. ரெண்டு கண்ணாலும் படித்துவிட்டுத் திட்டட்டும்.